சுவரோரப் பூந்தொட்டி

“டிரம் சுத்துது, சூடுதான் வரல. மூணு நாளா ஈரத் துணியைக் கட்டிக்கிட்டு அழறேன்,” என்றாள் மார்லீன்.

துணி உலர்த்தும் டிரையரைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் வெண்டெல் நிமிர்ந்தான். “வெயில் கொளுத்துதே மேடம். வெளியில கொடி கட்டிக் காயப்போட வேண்டியதுதானே?”

“இந்த மேப்பிள் ரிட்ஜ் குடியிருப்புல கொடி கட்டக் கூடாது. குடியிருப்போர் சங்கத்து விதி.”

வெண்டெல் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தான். “சூட்டுக் காத்து வெளியே போற துளையைப் பூந்தொட்டி வச்சு அடைச்சிருக்கீங்க. சூடு உள்ளேயே தங்கி ஃபியூஸ் போயிடுச்சு. இந்த வாரம் இந்தத் தெருவுலயே இது நாலாவது வீடு!”

“துளை தெருவுக்குத் தெரியக் கூடாது. அதுவும் சங்கத்து விதிதான்.”

“எந்தப் புத்திசாலி போட்ட விதி அது?”

மார்லீன் கையிலிருந்த ஈரத் துண்டை இன்னொரு முறை பிழிந்தாள்.

புது ஃபியூஸ் போட்டுவிட்டு வெண்டெல் சொன்னான்: “தொட்டியை எடுத்துடுங்க. இல்லேன்னா அடுத்த வாரமும் நான்தான் வரணும்.”

மார்லீன் தொட்டியை எடுத்தாள். துணியெல்லாம் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.

மறுநாள் காலை அவள் வீட்டு வாசல் கதவில் எச்சரிக்கைக் கடிதம் ஒட்டியிருந்தது. ‘துளை தெருவுக்குத் தெரிகிறது. ஏழு நாளில் மறைக்கவும்.’

கீழே கையெழுத்து: மார்லீன், சங்கத் தலைவி.