ஓய்வு நாளில் ஒரு சத்தம்

இரண்டு நாளில் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்த லோதார், பக்கத்து வீட்டு உல்ஃபிடம் அறை எடுத்து ஒரு மாதமாகிவிட்டது. உல்ஃபின் மனைவி லோதாரிடம் இளிப்பது ஜன்னலோரம் நிற்கும் எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு ஆண்களுக்கும் அடிதடி. நாற்காலி உடைந்தது, யாரோ அலறினார்கள். அடுத்த வீட்டு விவகாரம், எனக்கெதற்கு?

மத்தியானம் உல்ஃபின் கொட்டகையில் கோடரிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமையிலா! அன்று சத்தம் போடுவது எங்கள் ஊரில் சட்டப்படி குற்றம். போலீசைக் கூப்பிட்டேன்.

"ஓய்வு நாள்ல விறகு வெட்டலாமாய்யா?" என்று போலீஸ்காரர் அதட்டினார்.

"தப்புதாங்க" என்றான் உல்ஃப், வேர்க்க விறுவிறுக்க.

"கையில என்ன ரத்தம்?"

"சிலாம்பு குத்திடுச்சுங்க."

அபராதம் போட்டுவிட்டுப் போனார். எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலை, காட்டிலிருந்து வந்த லாரி உல்ஃப் வாசலில் நின்றது. டிரைவர் கூவினார்:

"விறகு வந்தாச்சு, கொட்டகையைத் திறங்க! ஆகஸ்டுலயே ஒரு கட்டைகூட மிச்சமில்லேன்னு புலம்பினீங்களே!"