படகா, ஜீப்பா, ரயிலா?

"படகுதான். இதுல பேச என்ன இருக்கு?" என்று கணவன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மருமகள் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அந்நிய தேசத்தில் போய் இறங்கியதும், மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் அந்த ஏரியின் மறுகோடியில் இருக்கும் குட்டி ஊருக்கு எப்படிப் போவது என்பதுதான் பாக்கி. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறக்கும் வேகப்படகு. மலை ஏறி இறங்கும் ஜீப். கரையைச் சுற்றிக்கொண்டு ஆடி அசைந்து போகும் ரயில். இன்றைக்குள் பதிவு செய்யாவிட்டால் எதிலும் இடம் கிடைக்காது.

ஜீப்பில் போனால் குடல் வாய்க்கு வந்துவிடும் என்று மாமனார் முதலிலேயே கையை விரித்துவிட்டார். ரயில் என்றால் ஒரு பகல் முழுக்க வீண், தூங்கி வழிய இவ்வளவு தூரம் போகணுமா என்றான் கணவன்.

படகுக்காரர்கள் தங்கள் இணையப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள். படகு அலையில் தூக்கித் தூக்கிப் போடும், முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்கவும். கணவன் அதைத் தாண்டிப் போய்விட்டான். மருமகளின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்காமல் நழுவிப்போயிருந்தது. இரண்டு தடவையும் அவன் ஊரெல்லாம் சொல்லிக் குதித்தான். பிறகு அதே வாயால் ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொன்னான். கடைசித் தடவை வெகுநாள் யாருடைய போனையும் எடுக்கவில்லை. அதனால் இந்த முறை டாக்டர் சொன்ன கெடு தாண்டும்வரை அவனிடம்கூட மூச்சுவிடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். பயணம் போகலாம், உடம்பு அதிராமல் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ரயில்ல போனா ஏரியைப் பார்த்துக்கிட்டே போகலாமே" என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏன், தண்ணின்னா பயமா?" அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "ஒரு மாதிரி இருக்கியே. உடம்புக்கு ஏதாவதா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. படகே போடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவன் பெயர்களை டைப் அடிக்கத் தொடங்கிவிட்டான். நாலு பெயரும் முடிந்தால் பணம் கட்டிவிடுவான். எப்படித் தடுப்பது என்று தெரியாமல் அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"ரயிலே போடு" என்றது நாத்தனாரின் குரல்.

கணவனுக்கு மூத்தவள். கல்யாணம் வேண்டாமென்று தையலோடு நின்றுவிட்டவள். இந்தப் பயணமே அவளுடைய ஆசைதான். அந்தப் படகு நுரை தெறிக்கப் போகும் வீடியோவை, அளவு கொடுக்க வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்துக் காட்டியிருக்கிறாள். சாரல் படாமலிருக்க ஒரு மேல்கோட்டுகூடத் தைத்து வைத்திருந்தாள்.

"விளையாடறியா அக்கா? படகு படகுன்னு எங்க உயிரை எடுத்ததே நீதானே?"

"முதுகு வலி. ரயில்னா வர்றேன், இல்லன்னா என்னை விட்டுடுங்க."

"நேத்து வரைக்கும் இல்லாத முதுகு வலி?"

"உன்கிட்ட அனுமதி வாங்கிட்டா வரும்?"

மகாராணிக்கு மனசு மாறிவிட்டதாம் என்று அவன் பொருமினான். இவளோடு எங்கே போனாலும் இதே தொல்லை என்று மாமனாரும் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் மற்ற மூவரும் படகில் போவது, நாத்தனார் தனியாக ரயிலில் வருவது என்று தீர்ப்பானது.

"பாஷை தெரியாத ஊர்ல நான் தனியா முழிக்கவா? உன் பொண்டாட்டிய என்கூட அனுப்பு."

"அவ பாவம், அவளை ஏன் இழுக்கற?" என்று அவன் மனைவியைப் பார்த்தான்.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அதை வெளியே காட்டாமல் ஒரு பெருமூச்சு விட்டாள். "என்ன செய்யறது? அவங்க எப்பவும் இப்படித்தான். நான் ரயில்லயே போறேன். படகு எங்க ஓடிடப் போகுது?"

உன் பொறுமை யாருக்கும் வராது என்று கணவன் மனம் உருகினான். வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவள் என்றார் மாமனார். அவள் தலையைக் குனிந்து இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

டிக்கெட் போட்டு முடித்ததும் மனசு கேட்காமல் முன்னறைக்குப் போனாள். "அக்கா, முதுகுக்குத் தைலம் தேய்ச்சுவிடவா?"

நாத்தனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"என் முதுகுக்கு என்ன கேடு? கொஞ்ச நாளா நீ ஈரத்துணி வாளியைத் தூக்கறதே இல்ல. அதைப் பார்க்க எனக்குக் கண்ணில்லையா?"

மருமகளுக்கு முகம் வெளுத்தது. சற்றுமுன் வாங்கிக்கொண்ட பாராட்டெல்லாம் உடம்பில் கூசியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா... அவர்கிட்ட நான் இன்னும்..."

"நீ என்னிக்கு அவன்கிட்ட சொல்றியோ, அன்னிக்குத்தான் எனக்கும் தெரியும். அதுவரைக்கும் எனக்கு முதுகு வலி."