ஐந்து இருக்கையும் நிரம்பினால்

மூன்று வீட்டார் வேண்டாமென்று சொல்லிவிட்டதால், நான்காவது பெண்ணையாவது ஊருக்குத் தெரியாமல் பார்த்து வருவோம் என்று தவசியப்பன் தன் அக்காளுடன் காரில் ஏறினான். பெட்ரோல் சிக்கனத்திற்கென்றே வந்த கார் அது. ஐந்து இருக்கைகளும் நிரம்பினாலன்றி நகராது. அன்றும் காலியிடம் உண்டென்று ஊரார் கைப்பேசிகளுக்கெல்லாம் அதுவே அறிவித்துவிட்டது.

பக்கத்து வீட்டு மாயழகு, மனைவியோடும் நோயுற்ற ஆட்டோடும் ஓடி வந்தார்.

"மாட்டாஸ்பத்திரிக்கு மாப்ள. நீ என்ன, புதுச்சட்டையில மினுக்குற?"

"சும்மாதான் மாமா."

"பொண்ணு பாக்கப் போறோம் மாமா," என்று அக்காள் போட்டு உடைத்தாள்.

ஐந்தாவது இருக்கையில் ஆடு அமர்ந்ததும் கார் புறப்பட்டது. வழியில் யாரை இறக்கினாலும் அது நின்றுவிடும் என்பதால், எல்லோரும் பெண் வீட்டிற்கே போய்ச் சேர்ந்தனர். அங்கே தாம்பாளத்திலிருந்த வெற்றிலை முழுவதையும் ஆடு தின்று தீர்த்தது. பெண்ணின் தந்தை முகம் சுளித்தார். இதுவும் போயிற்று என்று தவசியப்பன் தலைகுனிந்தான்.

மாயழகோ துள்ளினார். "நாலு நாளா எரையே எடுக்கலங்க! ராசியான வீடு!"

காப்பி கொண்டுவந்த செந்தாமரை சிரிப்பை அடக்கிக்கொண்டு தவசியப்பனைக் கேட்டாள்.

"உங்க வண்டியில எப்பவும் இப்படித்தானா?"

"ஆமாங்க. அஞ்சு பேரு இல்லாம அது அசையாது."

அவள் தந்தையின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குச் சம்மதம்ப்பா. மறுவீட்டுக்கு மட்டும் நாங்க ரெண்டு பேரும் சைக்கிள்ல வந்துக்கிறோம்."