இருபதாவது நிமிடம்

திருடிய பொருளுக்கு வாரண்டி கிடையாது. இத்தனை வருடத் தொழிலில் நம் ஆளுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை, இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி வரும்வரை.

பார்க்க ராஜா மாதிரி இருந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு, மூன்று ஃபேன். கேம் பைத்தியங்கள் ஆசை ஆசையாகச் செய்துகொள்கிற ரகம். ஆனால் கேமைத் தொடங்கினால், சரியாக இருபதாவது நிமிடம் பட்டென்று அணைந்துவிடும். வாங்கிய இரண்டு பேரும் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். யாரிடம் போய் முறையிடுவது? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். நல்ல பொருளாக வைத்திருப்பார்கள் என்று நம்பித்தானே ஒரு வீட்டுக்குள் நுழைகிறோம் என்று அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்.

மூன்று வாரம் பொறுத்தான். பிறகு மிகுந்த முன்யோசனையோடு, எடுத்த வீட்டிலிருந்து ஆறு தெரு தள்ளி ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக் கடைக்குப் போனான். அண்ணன் மகனுடையது என்று சொல்லிவைத்தான்.

மெக்கானிக் டாக்டர் மாதிரி விசாரித்தார். சும்மா இருக்கும்போதும் அணைகிறதா, விளையாடும்போது மட்டுமா? நீலத் திரை வருகிறதா, ஒரேயடியாகக் கறுப்பாகிறதா? எல்லாவற்றுக்கும் நம் ஆள் நோயாளியின் அப்பா போலப் பதில் சொன்னான். மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றி, இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார் மெக்கானிக். அப்போதும் அணைந்தது.

சூடுதான் காரணமோ என்று ஃபேனைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். ஃபேன் அதிராமலிருக்க, மூலையில் பழைய செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு செருகியிருந்தது. அப்படியொரு வைத்தியம் செய்கிறவர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். அந்தச் செருப்பின் மீதி இன்னும் அவர் மேஜைக்கடியில்தான் கிடந்தது.

நம் ஆளை உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார். போன் பேசுவது கேட்டது. "ஆமாக்கா, உங்களோடதுதான். ஆள் இங்கேதான் இருக்காரு."

நம் ஆள் எழுந்து வாசலை எட்டிவிட்டான். ஓடியிருக்கலாம், ஓடியிருக்கவும் வேண்டும். அந்த நேரம் பார்த்து மெக்கானிக் திரும்பி வந்து, பெட்டிக்குள் கையை விட்டு, "இதோ இருக்கு கோளாறு" என்றார்.

மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. பதில் தெரியாமல் ஜெயிலுக்குப் போனால் அங்கேயும் தூக்கம் வராது. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் வயர் பாதிதான் செருகியிருந்தது. சூடு ஏறினால் பிடி விட்டுவிடும். தானாக இப்படிக் கழன்றுகொள்ளாது, யாரோ வேண்டுமென்றே உருவியிருக்கிறார்கள் என்றார் மெக்கானிக். வயரை அழுத்திச் செருகி, கேமை ஓட விட்டார். இருவரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் ஆனது. இருபத்தொன்றும் ஆனது. நம் ஆளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போதுதான் பெட்டியைப் பறிகொடுத்த வீட்டு அம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றார். கையும் களவுமாக என்பார்களே, அப்படி அவன் கை பெட்டியின் மேல்தான் இருந்தது.

அவர் கூச்சல் போடவில்லை. மெக்கானிக்கை இரண்டு நிமிடம் வெளியே நிற்கச் சொன்னார். மெக்கானிக் இருப்பதிலேயே பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் வாசலில் காவல் நின்றார்.

"வயரை உருவினது நான்தான்" என்றார் அந்த அம்மாள், தாழ்ந்த குரலில். "மெக்கானிக் ஊர்ல இல்லைன்னு சொல்லியே நாலு மாசம் ஓட்டினேன். அப்படியும் எங்க வீட்டுக்காரர் கேமை விடல. அணைய அணைய, திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருந்தாரு."

நம் ஆளுக்குப் பாதி புரியவில்லை. போலீஸ் எப்போது வரும் என்று மட்டும் கேட்டான்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டி போன நாளிலிருந்து கணவர் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். மகள் எந்த வகுப்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டாராம். நேற்று மாலை மூன்று பேரும் காலாற நடந்துவிட்டு வந்தார்களாம். எட்டு வருடமாக ஏங்கியது இதற்குத்தானாம்.

"இதைக் கண்காணாத இடமாப் பார்த்துக் கொண்டு போயிடுங்க" என்றவர், வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு இன்னும் கிட்டே வந்தார்.

"வெள்ளிக்கிழமை அவருக்குப் புதுசு ஒண்ணு வருதுண்ணா. மறுநாள் காலையில நாங்க யாரும் வீட்டுல இருக்க மாட்டோம், பின்கதவைத் தாழ் போடாம வச்சிட்டுப் போறேன்."