எப்போதும் எங்கேஜ்டு

பத்து நிமிடம் வேலை இல்லாவிட்டால் இன்டர்நெட் தானாகத் துண்டித்துக்கொள்ளும்படிதான் கிரீஷ் கம்ப்யூட்டரின் லினக்ஸில் அமைத்திருந்தான். ஆனாலும் மூன்று நாளாக, இன்டர்நெட்டுக்கு டயல் செய்யும் மோடம் வீட்டின் ஒரே போன் லைனை விடவே இல்லை. கம்ப்யூட்டரை அணைக்கவும் அப்பா தோத்தாத்ரி சம்மதிக்கவில்லை.

“லண்டன் போன ஸஹானா ஒரு போன்கூடப் பண்ணலையேடா!” என்று மகளை நினைத்துக் குரோம்பேட்டை வீட்டின் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார்.

“லைன் ஃப்ரீயா இருந்தாத்தானேப்பா பண்ணுவா!”

கிரீஷ் எரிச்சலோடு, கம்ப்யூட்டர் செய்வதெல்லாம் பதிவாகும் லாக் ஃபைலைத் துழாவினான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்று புது மெயில் தேடிக்கொண்டிருந்தது.

“இதை யாருப்பா வெச்சது?”

தோத்தாத்ரி நின்றார். “நான்தான். அவ மெயில் போட்டா உடனே தெரியட்டுமேன்னு...”

கிரீஷ் பல்லைக் கடித்துக்கொண்டு அதை நிறுத்தினான். பத்தாவது நிமிடம் லைன் விடுபட்டது. இருவரும் காபி குடித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

“அப்பா! மூணு நாளா அப்படி யார்கூடப்பா பேசிண்டிருக்கே?”