அம்புக்குறி போட்ட படம்

பன்னிரண்டு மணிக்குள் வேண்டியதையெல்லாம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்றார் அன்புராஜ். அதற்குப் பிறகு இந்தக் கம்ப்யூட்டரில் ஒன்றும் மிஞ்சாது.

அவர் மீஞ்சூரிலிருந்து வந்திருந்த சிஸ்டம் ஆள். பழைய விண்டோஸுக்குக் காலம் முடிந்துவிட்டதாம். அதன் மேலேயே புதுசை ஏற்றினால் பழைய அழுக்கும் கூடவே வருமாம். முழுக்கத் துடைத்துவிட்டு, பிறந்த குழந்தை மாதிரி ஆக்கித்தான் போட வேண்டுமாம்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

கும்மிடிப்பூண்டியில் இந்த இரும்பு உருக்கும் கம்பெனியின் டைம் ஆபீசில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கேட்டை ஒட்டிச் சின்ன அறை, ஒரு ஜன்னல், இந்தக் கம்ப்யூட்டர். பெர்மனென்ட் ஆட்கள் மெஷினில் விரலை வைத்துவிட்டு உள்ளே போவார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மெஷின் கிடையாது. அவர்கள் பெயரை நான்தான் ஏற்ற வேண்டும்.

அதிலும் ஒரு வழக்கம். உள்ளே போகும்போது ஏற்ற மாட்டோம். பாதியில் நழுவுகிறவனுக்கு ஒரு நாள் எழுதிவிடக் கூடாதே. வேலை முடிந்து வெளியே வந்தால்தான் பெயர்.

மார்ச்சில் ஒரு நாள் காலை ஷிப்டுக்கு உள்ளே போன மணவாளன் வெளியே வரவில்லை.

உலைப் பக்கம் சுருண்டு விழுந்தவரைக் கான்ட்ராக்டரின் வண்டியில் போட்டுப் பின் கேட் வழியாகக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது. அவர் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, பஸ் ஸ்டாப்பில் விழுந்து கிடந்தார், பாவம் பார்த்து நாங்கள்தான் தூக்கினோம் என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. என் கம்ப்யூட்டரிலும் அன்றைக்கு அவர் பெயர் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் கான்ட்ராக்ட்தான். வாயைத் திறந்தால் மறுநாள் கேட் திறக்காது.

அவர் மனைவி கோவிந்தம்மா அதிலிருந்து திங்கட்கிழமை தவறாமல் ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டில் நிற்கிறார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று. அன்றைக்குத் தன் வீட்டுக்காரர் உள்ளே போனதற்கு ஒரு அத்தாட்சி. அது கிடைத்தால் இழப்பீடு கேட்கலாம், இரண்டு பெண்களின் படிப்பும் நிற்காது.

அப்படி ஒரு அத்தாட்சி இருந்தது. கேட் கேமராவில் பதிவான இருபது விநாடிப் படம்.

கேமரா பதினைந்து நாளில் பழையதை அழித்துவிடும். அதற்கு முன்பே நான் அந்த இருபது விநாடியை எடுத்து, இந்தக் கம்ப்யூட்டரில் கேன்டீன் மெனுக்களுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தேன். திறப்பதற்குச் சுலபமாக, திரையின் ஓரத்தில் அம்புக்குறி போட்ட சின்னப் படம் ஒன்று.

ஏழு மாதம் அந்த அம்பைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடித்தேன். பென் டிரைவைச் செருகிவிட்டு, ஒன்றும் செய்யாமல் பிடுங்கிய நாட்கள் எத்தனையோ.

இன்றைக்கும் திங்கட்கிழமை. காலையில் கோவிந்தம்மாவைக் கேட்டில் பார்த்ததும் என்ன தோன்றியதோ, படம் ஒன்று இருக்கிறது, மத்தியானம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு திரும்பப் பெற முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் அவர் தலை தெரிந்துகொண்டே இருந்தது.

பென் டிரைவைச் செருகினேன். அம்புக்குறிப் படத்தை இழுத்து அதில் போட்டேன். கண் சிமிட்டுவதற்குள் ஏறிவிட்டது.

பின்னால் நின்ற அன்புராஜ் பார்த்துவிட்டார்.

"அக்கா, அம்பு போட்டது சும்மா வழி காட்றதுதான். அசலு உள்ள எங்கியோ கீது, தொட்ச்சிட்டா அதுவும் பூடும். தெறங்க, நானே எட்த்துப் போட்டுத் தரேன்."

பசங்க போட்டோதான், பரவாயில்லை என்றேன். பசங்க போட்டோ என்றால் போனால் திரும்ப வராதே என்று மறுபடியும் கேட்டார். நல்ல மனுஷன். மௌஸிலிருந்து கையை எடுக்காமல், இதுவே போதும் என்றேன்.

சரியாகப் பன்னிரண்டுக்குத் துடைக்க ஆரம்பித்தார். திரை கறுத்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. எல்லாம் போயாச்சு என்று அவர் சொன்ன பிறகுதான் எழுந்து வெளியே போனேன்.

கோவிந்தம்மா இரண்டு கையையும் சேர்த்து நீட்டி அந்தப் பென் டிரைவை வாங்கினார். முந்தானையில் வைத்து முடிந்தார். ஒரு முடிச்சு போதாமல் இன்னொன்றும் போட்டார்.

"எங்க ஊட்டுக்காரரு உள்ள போனாருன்னு நீ ஒருத்திதாம்மா சொல்றே. நீயும் உன் புள்ளைங்களும் நல்லாக்கீணும்."

பாவம் என்று தெரிந்தேதான் தலையாட்டினேன்.

அந்தப் படத்தில் மணவாளன் நேராக உள்ளே போக மாட்டார். கேட்டைத் தாண்டியதும் நின்று நெஞ்சைத் தடவுவார். பிறகு என் ஜன்னலுக்கு வந்து குனிந்து ஏதோ கேட்பார். படத்தில் சத்தம் கிடையாது. நெஞ்சை அடைக்கிறது, வீட்டுக்குப் போகிறேன், இன்றைக்கு வந்ததாக மட்டும் பெயரை ஏற்றிவிடம்மா என்று கேட்டார்.

ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, உலை இருக்கும் பக்கத்தைக் காட்டும். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் நடப்பார்.

அந்தக் கையில் சிவப்பு வார் போட்ட ஒரு வாட்ச் தெளிவாகத் தெரியும். மார்ச்சிலிருந்து நான் அதைக் கட்டுவதில்லை.