முடிவாக ஒரு வார்த்தை

போதகர் மூன்றாவது தடவையாக "முடிவாக ஒரு வார்த்தை" என்றார். டீச்சரும் மூன்றாவது தடவையாகப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

அவர் முடிக்கவில்லை. கடைசி பெஞ்சு பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிரசங்கத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன். சொல்ல வந்ததை நறுக்கென்று சொல்லி, வயிறு காயும் முன்னே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சில மாதமாகத்தான் இந்த ஜவ்வு. போதாக்குறைக்கு மைக்கை வேறு அணைத்துவிட்டு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி பேசுகிறார்.

அவர் பார்த்த பக்கம் டீச்சரும் திரும்பினாள். திரும்பியிருக்க வேண்டாம். அங்கே அவளுடைய தம்பி பெண்டாட்டி சுவரில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வாராவாரம் இதே கூத்து. பக்கத்தில் இருப்பவர்கள் டீச்சரைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறார்கள். மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

கோவிலுக்கு வந்து தூங்குவதற்கு வீட்டிலேயே கிடக்கலாமே! அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து தம்பி வீட்டில்தான் இருக்கிறார். தம்பிக்கு ராத்திரி வேலை. அப்பாவைப் பார்த்துக்கொள்வது இவள்தான்; அதை டீச்சர் மறுக்கவில்லை. அதற்காக டீச்சர் ஒன்றும் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. அடிக்கடி போய் எட்டிப் பார்ப்பாள். விரிப்பு கசங்கியிருந்தாலும், சாப்பாடு ஆறியிருந்தாலும் தம்பி பெண்டாட்டியிடம் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

ஆராதனை முடிந்ததும் நேரே போதகரிடம் போனாள். அவர் தன் அறையில் தொண்டையைச் செருமியபடி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இப்படி இழுத்தா யாருக்கும் எதுவும் மனசுல நிக்காது. கமிட்டியில பேசலாம்னு இருக்கேன். உங்ககிட்ட சொல்லாம பேசினா நல்லா இருக்காது."

போதகர் கோபப்படவில்லை. தாராளமாகப் பேசச் சொன்னார். வீட்டிலும் இதற்குத்தான் தினம் அர்ச்சனை நடக்கிறதாம்.

அந்த நிதானம் டீச்சரை இன்னும் கிளப்பிவிட்டது. கையோடு தம்பி பெண்டாட்டி விஷயத்தையும் போட்டு உடைத்தாள். ஆண்டவர் சந்நிதியில் இப்படியா குறட்டை விடுவது, கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டிக்க வேண்டாமா என்று பொரிந்து தள்ளினாள்.

"அவங்க தூங்குறது எனக்குத் தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

"ஒரு நாள் ஜெபம் பண்ணச் சொல்லி வந்தாங்க. நான் கண்ணை மூடி ஜெபிச்சு முடிச்சுப் பார்த்தா, நின்னபடியே தூங்கிட்டிருக்காங்க. அப்புறம்தான் விசாரிச்சேன். உங்க அப்பா ராத்திரி பூரா கூப்பிட்டுக்கிட்டே இருக்காராம். பகல்லயும் படுக்க முடியலை. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் உங்க தம்பி பார்த்துக்கிறார், இவங்க இங்க வர்றாங்க. ஆண்டவர் ஓய்வுநாள் கொடுத்தது அவங்களுக்கும் சேர்த்துத்தானே?"

போதகர் இன்னொரு மிடறு வெந்நீர் குடித்தார்.

"நான் முடிச்சா எல்லாரும் எழுந்து நின்னு பாடணும். அந்தச் சத்தத்துல முழிச்சுக்குவாங்க. அதான் இழுக்கிறேன்."

போதகர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வாரத்துல ஒரே ஒரு ராத்திரி நீங்க போய் உங்க அப்பா பக்கத்துல படுத்துக்குங்க டீச்சர். நான் பழையபடி சுருக்கமா முடிச்சுடறேன்."